பூவரசு மில்லின் அத்தை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஃபேன் சத்தத்தில் நான் சொல்வது அங்கே வரைக்கும் கேட்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தால், அது ஓர் ஆளாக எழுந்து வந்துவிடும். சட்டத்திலும் கம்பெனி என்றால் ஓர் ஆள் என்றுதான் இருக்கிறதாம். பூவரசு மில் அப்படி வந்த ஆள். பதிவாகி ரொம்ப வருசமாகியும் சின்னப்பிள்ளை உயரம்தான். தலைமுடியில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். அரைஞாண் கயிற்றில் கம்பெனி முத்திரை தொங்கும். மில் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் தூங்கும்.

என் வீட்டுக்காரர் அங்கே நூல் ஓட்டியவர். அவருக்குக் கொடுத்த ஷேர், அவருக்குப் பின்னால் என் பேருக்கு வந்தது. அதனால் வருசம் தவறாமல் பொதுக்கூட்டத்துக்குப் போவேன். லட்டும் மிக்சரும் வைத்த பொட்டலத்தைப் பூவரசுதான் வாசலில் நின்று கொடுக்கும்.

சேர்மன் மயில்சாமி. மில்லை ஆரம்பித்தவர், பாதிக்கு மேல் ஷேர் அவருடையது. மில் போர்டில் டைரக்டராக இருந்த அவருடைய மச்சினனுக்கும் ஒரு கம்பெனி இருந்தது. பேர் பேராழி. ஆளும் அப்படித்தான், இரண்டு நாற்காலி போட்டால்தான் உட்காரும். ஏற்கெனவே பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின்னிங் கம்பெனியையும் ஒரு பனியன் கம்பெனியையும் விழுங்கியிருந்தது. வயிற்றில் காதை வைத்தால் இரண்டும் உள்ளே பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.

அந்த வருசம் பூவரசைப் பேராழியோடு இணைப்பது என்று சேர்மன் தீர்மானம் கொண்டுவந்தார். இணைப்பது என்றால் விழுங்குவதுதான். மச்சினன் ஆசைப்பட்டான், இவரால் மறுக்க முடியவில்லை.

போர்டில் ஒட்டு உறவில்லாத டைரக்டர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அது ஹெப்சிபா அம்மா. நாகர்கோவிலில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒருவர்தான் முடியாது என்றார். பூவரசு அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உள்ள வெளிச்சம் இருக்குமா?" என்று கேட்டதாம். "நீ அங்க போனாத்தானே மக்ளே" என்றாராம் அவர்.

பொதுக்கூட்டத்தில் சேர்மன் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இந்தம்மா ஒட்டு உறவில்லாதவங்க இல்லீங்க. பூவரசு இவங்கள அத்தைங்குது, இவங்க அத மக்ளேங்கறாங்க. கூப்பிட்டு, பதில் பேசிட்டா உறவுதானுங்களே? உறவுக்காரங்களுக்கு இதுல ஓட்டு இல்லீங்க. எழுதிக்குங்க, செக்ரட்டரி."

செக்ரட்டரி எழுதிக்கொண்டார். ஹெப்சிபா மறுக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே பூவரசைப் பார்த்தார்.

"ஆமா மக்ளே, நான் உனக்கு அத்தைதான். இந்தப் பெஞ்சுல எடம் நெறைய கெடக்கு. உனக்கு வேற யாரெல்லாம் சொந்தம்? கூப்பிட்டுக் காட்டு பாப்போம்."

எங்கள் ஊரில் முறை சொல்லாமல் யாரும் யாரோடும் பேச மாட்டோம். முறை சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் எங்களுக்கு வராது. பூவரசு மேடையில் இருந்த ஒரு டைரக்டரைப் பெரியப்பா என்றது. அந்த டைரக்டர் "என்ன சாமி?" என்றார், எழுந்து பெஞ்சுக்குப் போனார். இன்னொருவரைச் சித்தப்பா என்றது. அவரும் போனார். மாமா என்றதும் மச்சினன் வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கப் பார்த்தான். "சொல்லு மாப்ளே" என்று அது வெளியே வந்துவிட்டது, அவனும் பெஞ்சுக்குப் போனான்.

கடைசியாகச் சேர்மன். அவர் துண்டால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். பூவரசு முன்னால் போய் நின்று அப்பா என்றது. அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டது, குரல் கொஞ்சம் உடைந்தது.

"என்ன தங்கம்" என்று சொல்லிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே போய்ப் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். ஹெப்சிபா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

ஆக, ஓட்டுப் போட நாங்கள்தான் மிச்சம், பொட்டலம் வாங்க வந்த சில்லறை ஷேர்காரர்கள்.

ஆனால் பூவரசுக்குக் கூப்பிடுகிற ருசி வந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கி நேராக முன்வரிசைக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. அது என்ன சொல்லிக் கூப்பிடும் என்று கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதன் உதட்டில் விரலை வைத்து, "கூட்டம் முடியட்டும் சாமி. அப்புறம் வாய் நெறையக் கூப்பிடு" என்றேன். சொல்லிவிட்டு, தவறிப்போய்ப் பதில் வந்துவிடக் கூடாதே என்று லட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்து வரிசையே அப்படிச் செய்தது.

இணைப்பு வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் செக்ரட்டரி. வாயில் லட்டோடு எல்லோரும் தூக்கினோம். தீர்மானம் தோற்றது.

அப்போது மேடையோரத்தில் பேராழி அழ ஆரம்பித்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு காத்திருந்தது, பாவம். ஹெப்சிபா எழுந்து அதன் பக்கத்தில் போனார். தன் பொட்டலத்தை அதன் கையில் வைத்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே குனிந்து "மக்ளே" என்று கூப்பிட்டார்.

"என்ன அத்தை?" என்றது பேராழி. உள்ளே இருந்தும் இரண்டு குரல் அதையே சொல்லின. முதலில் ஜின்னிங் கம்பெனி வெளியே வந்தது, காதோரம் பருத்திக்கொட்டை ஒட்டியிருந்தது. பின்னாலேயே பனியன் கம்பெனி வந்தது, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஹெப்சிபா முந்தானையால் இரண்டின் முகத்தையும் துடைத்துப் பூவரசு பக்கத்தில் உட்காரவைத்தார். பூவரசு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தது.

ஹெப்சிபா மறுபடியும் குனிந்து, "வேற யாரும் உண்டா மக்ளே?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து, எங்கள் யாருக்கும் தெரியாமல் அது எப்போதோ விழுங்கியிருந்த பழைய கம்பெனியின் வயசான குரல் ஒன்று, "இதோ வந்துட்டேன். செருப்பத்தான் காணோம்" என்றது.

ஹெப்சிபா தன் செருப்பைக் கழற்றி, பேராழியின் காலடியில் ஜோடியாக வைத்தார்.