நிலோஜனின் வயது

சித்திரை வருஷப் பிறப்புக்கு நான்கு நாள் இருக்க, ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி தவமலரும் சீதேவிப்பிள்ளையும் மட்டக்களப்புக்குச் சட்டை எடுக்க வந்திருந்தார்கள். சட்டை, தவமலரின் மகன் நிலோஜனுக்கு. அவன் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போய் மூன்று வருஷமாகிறது. வந்தால் போட உடுப்பு வேண்டாமா என்று தாய்க்காரி வருஷா வருஷம் ஒன்று வாங்கி அலுமாரியில் மடித்து வைக்கிறாள். சீதேவிப்பிள்ளையும் கூடவே போவாள். வேலிக்கு அடுத்த வளவுக்காரி, போகாமல் இருக்க முடியுமா? ஆனால் உள்ளுக்குள் பற்றி எரியும்.

அவளுடைய உதயரூபனும் நிலோஜனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், ஒரே வகுப்பு. சுனாமி உதயரூபனைக் கொண்டுபோனபோது பன்னிரண்டு வயது. உடல் கிடைத்தது, அடக்கமும் நடந்தது. அன்றிலிருந்து அவன் பன்னிரண்டிலேயே நிற்கிறான். நிலோஜனோ காணாமல் போன பிறகும் வளர்ந்துகொண்டிருந்தான். தாய் வாயாலேயே பதினெட்டு, பத்தொன்பது என்று ஏறினான். போன வருஷம் மீசைகூட வைத்துவிட்டான். காலம் எல்லாருக்கும் பொது என்கிறார்களே, சுத்தப் பொய். அது தவமலர் வீட்டில் நடக்கிறது, என் வீட்டில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறது என்று சீதேவிப்பிள்ளை பொருமுவாள். இந்தப் பெடியனும் ஓரிடத்தில் நின்றால் என்ன என்றுகூட ஒருநாள் நினைத்தாள். நினைத்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கார இப்றாஹிம் நானா சட்டைகளைப் பரப்பினார். "மகனுக்குக் கழுத்து அளவு எத்தின அக்கா?"

"போன வருஷம் எடுத்த பதினஞ்சே போதும் நானா," என்றாள் தவமலர். "இருபது வயசாகிட்டு. இனி எங்க வளரப் போறான்?"

சீதேவிப்பிள்ளைக்குப் பகீரென்றது. அவள் ஆசைப்பட்டபடியே நிலோஜனும் வளராமல் நின்றுவிட்டான். சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? உதயன் இப்போது எவ்வளவு இருப்பான் என்று இத்தனை வருஷமும் நிலோஜனை வைத்தே அளந்து வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அந்தக் கடையில்தான் விளங்கியது.

"உனக்கென்ன விசர் புடிச்சிட்டாகா?" என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஆம்பிளப் பிள்ளையள் இருபத்தொண்டு வரைக்கும் வளருவானுகள். நானா, பதினஞ்சர எடுங்க."

தவமலர் திகைத்துப் பார்த்தாள். நானா எடுத்து வைத்தார்.

"எண்ட மகனுக்கும் ஒண்டு எடுங்க." சீதேவிப்பிள்ளை சட்டைக் குவியலைத் தன் பக்கம் இழுத்தாள். அதிலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "பதினாறு. ரெண்டு பேரிலயும் எண்ட புள்ளதான் எப்பவும் ஆள் பெரிசு."

தவமலர் பதினாறை வாங்கி விரித்து, தோள் இரண்டையும் பிடித்துத் தன் தலைக்கு நேரே உயர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குகா," என்றாள் சீதேவிப்பிள்ளை.