தகட்டுக்குக் கீழே மீன்

லாரியிலிருந்து தடித்த குழாய் வழியாகப் பால்கெண்டைகள் தண்ணீரோடு தண்ணீராகக் குளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தன. சுன்மெய் வரப்பில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளம் என்று சொல்ல இப்போது என்ன இருக்கிறது? அத்தனையையும் சூரிய மின்தகடுகள் கூரை போட்டு மூடிவிட்டன. இதே தண்ணீரில் இருபத்தெட்டு வருஷம் மீன் வளர்த்தவள் அவள். குத்தகைக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நிலக்காரர் புத்தாண்டுக்கு வருவார், தேநீர் குடிப்பார், "இந்த வருஷமும் நீயே பாத்துக்கம்மா" என்பார். அதுதான் பத்திரம். அவர் போய்ச் சேர்ந்ததும் மகன்கள் மின்சாரக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அதே குடும்பத்தின் பக்கத்துக் குளம் ஒன்றுதான் இன்னும் மூடாமல் அவள் கையில் மிஞ்சியிருந்தது.

கம்பெனிக்காக ஊரில் அலைகிற செங்யி, பாக்கு மென்ற சிவந்த வாயோடு வந்து பக்கத்தில் நின்றான். இதே ஊர்க்காரன்தான்.

"அக்கா, தகடு போட்ட குளத்துல மீனும் வளர்க்கணும்னு சட்டம். நாளைக்கு மீன்வளத்துறைலேர்ந்து பாக்க வர்றாங்க. நீங்கதான் வளர்க்கிறீங்கன்னு சொல்லி, கொஞ்சம் இரை போடுங்க. மீன் துள்ளினா போதும். இதுல ஒரு கையெழுத்து. பக்கத்துக் குளம் அஞ்சு வருஷத்துக்கு உங்களுக்குத்தான். நிலக்காரர் பசங்ககிட்டப் பேசி எழுத்துல வாங்கித் தர்றோம்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"சும்மா, நீங்க வந்தீங்கன்னுதான்."

ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவள் சுன்மெய். அது அவனுக்குத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தாள். 'இக்குளத்தில் இரண்டு ஆண்டுகளாக மீன் வளர்த்து வருகிறேன்.' இரண்டு ஆண்டுகளாக இங்கே கொசுதான் வளர்ந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"தகடு நட என் தண்ணிய மோட்டார் வச்சு வெளிய இறைச்சு விட்டவன் நீதானேடா?"

"நாட்டுக்குக் கரண்ட் வேணாமாக்கா? எரிவாயுக் கப்பல் கொஞ்ச நாள் வரலேன்னா இந்தத் தீவே இருட்டு. வெயில்தான் நம்ம சொந்தச் சரக்கு."

"வெயில யாரு வேணாம்னா? என் குளத்துல தண்ணி கலக்குற சக்கரமே வெயில்லதான் சுத்துது. தொழிற்பேட்டையில அவ்வளவு கூரை வெறுமனே காயுதே, அங்க போய் ஏறேன்."

"அங்க வாடகை ஜாஸ்திக்கா."

"எங்க தலைக்கு மேல அடிக்கிற வெயில்தான் மலிவா?"

"உங்க வாய்ல ஒரு கம்பியச் சொருகினா ஊருக்கே விளக்கு எரியும்" என்று சிரித்தான்.

அவள் கையெழுத்துப் போடாமலே தாளை மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். "மீனு எங்க வாங்கின?"

"வடக்கூர்ல இன்னிக்குக் காலைல பிடிச்சது. அருமையான அறுவடை மீன்."

சுன்மெய் குழாயிலிருந்து விழும் மீன்களைப் பார்த்தாள். பால்கெண்டைக்கு வயிற்றுக் கறிதான் விலை. அதனால் பிடிப்பதற்கு முன்னால் வலையை இழுத்து விரட்டி மீனை நன்றாகப் பயமுறுத்துவார்கள். பயத்தில் குடல் காலியாகி வயிறு சுத்தமாகிவிடும். அப்படிப் பயந்த மீன் நாலு நாளைக்கு இரை பக்கமே திரும்பாது. ஊரில் பிறந்தும் செங்யிக்கு இது தெரியவில்லை. அவனுக்குத் தாள் தெரியும்.

மறுநாள் காலை மீன்வளத்துறைப் பெண் வந்தாள். சின்ன வயசு, சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். அவள் குளத்தைப் பார்த்தாள், தகடுகளைப் பார்த்தாள், பிறகு சுன்மெய்யின் கைகளையும் பார்த்தாள்.

"மீனக் கூப்பிடுங்கக்கா" என்றான் செங்யி.

சுன்மெய் அகப்பையால் வாளியைத் தட்டினாள். மூன்று தட்டு, பிறகு இரண்டு. வரப்பைத் தாண்டி அவளுடைய குளத்துக்குச் சத்தம் போகாதபடி மெதுவாகத்தான் தட்டினாள். ஐந்து வருஷம் என்கிற சொல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீசிய இரை நிழல் படிந்த தண்ணீரில் மிதந்தது, ஊறிப் பருத்தது. ஒரு வால்கூட அசையவில்லை.

"வயிறு நிறைஞ்சிருக்கும் போல" என்று செங்யி சிரித்தான். கழுத்தோரம் வியர்த்திருந்தது.

"தினமும் இப்படித்தான் கூப்பிடுவீங்களா அத்தை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தினமும் இதே தட்டுத்தாம்மா. முப்பது வருஷமா."

"இன்னொரு தடவை தட்டுங்களேன்."

பக்கத்துக் குளத்துக்கு இன்று இன்னும் இரை வைக்கவில்லை. சுன்மெய்க்கு அது நினைவிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று செங்யி முணுமுணுத்தான். அவள் வாளியைத் தகட்டுக் கம்பத்தின்மேல் சாய்த்துவைத்தாள். அகப்பையை ஓங்கினாள். மூன்று. இரண்டு. வரிசை வரிசையாகக் கம்பங்கள் அதிர்ந்தன.

வரப்புக்கு அந்தப் பக்கம், திறந்த வெயிலில், தண்ணீர் கொதித்தது. ஆயிரம் வெள்ளி வயிறுகள் எம்பி எம்பி விழுந்தன. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். செங்யி பாக்கை மெல்லுவதை நிறுத்தினான். சுன்மெய் தட்டிக்கொண்டே இருந்தாள். அங்கே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. இங்கே நிழலில் இரை ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருந்தது.