வண்டியைவிட்டு இறங்காதவன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. லோர்னா ப்ரூயிட் எழுதியது, நான் கெடுத்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுகதை வகுப்பு எடுக்கிறேன். லோர்னா தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறவள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் கதை எழுதிக் கொண்டுவந்தாள்.

இறைச்சி ஆலை மூடி வேலை போன ஒருவன் தினமும் சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் மாலைவரை உட்கார்ந்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் மனைவி வந்து, கதவைத் திறந்து, வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள்.

எனக்குப் புல்லரித்தது. பலகையில் எழுதினேன்: இருப்பின் வெறுமை. அர்த்தமின்மை.*

"முடிவுதான் உதைக்குது," என்றேன். "அவ வரக்கூடாது. அவன் இறங்கவே கூடாது."

"அப்ப எப்பதான் சாப்பிடுவான்?"

வகுப்பு சிரித்தது. நானும்தான்.

"அது கதைக்கு வெளியில, லோர்னா."

"வெளியிலதான் இருக்காரு, வாத்தியாரே. எங்க வீட்டுக்காரர் வெர்லின். இப்பவும் அங்கதான்."

"அதான் இவ்வளவு உண்மையா வந்திருக்கு," என்றேன்.

கடைசிப் பக்கத்தை அங்கேயே கோடு போட்டு அடித்துவிட்டாள்.

* எங்கள் நாட்டுச் சிறுகதைகளில் நெடுநாளாக இதே சாமான்கள்தான்: நெடுஞ்சாலை விடுதி, ஆறிய காப்பி, பேசிக்கொள்ளாத தம்பதி. இருத்தலியம் என்று பெயர் வைத்துவிட்டால் யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை.

2

(அன்று பனி பெய்துகொண்டிருந்தது. ஊரே ஒரு வெள்ளைத் தாள்போல… இல்லை. பனி பெய்யவில்லை. வெறும் செவ்வாய்க்கிழமை.)

காலை பதினொன்று வாக்கில் வெர்லினின் இதயம் நின்றிருக்கிறது. நாள் முழுக்க ஜனங்கள் தள்ளுவண்டியோடு அவரைக் கடந்து போனார்கள். வெர்லின் உட்கார்ந்திருப்பது ஊருக்குப் பழக்கம். இரண்டு மணிக்கு நானும் ரொட்டியும் பாலுமாகப் போனேன். கையசைத்தேன். பதில் இல்லை. 'மௌனம்' என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு வேலை முடிந்து லோர்னா வந்து கதவைத் திறந்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாண்ட்விச் கொடுத்தார்கள். லோர்னாவே என்னிடம் தட்டை நீட்டினாள்.

"நீங்க சொன்ன மாதிரியே முடிஞ்சுது. இறங்கல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

"எடுத்துக்கங்க. மீந்துபோகும்."

எடுத்துக்கொண்டேன். தின்றும் முடித்தேன்.

3

இந்தக் கதைக்கு முதல் முடிவு: லோர்னா வகுப்புக்குத் திரும்பி வந்து… (வரவில்லை.)

இரண்டாவது: நான் வகுப்பை நிறுத்திவிடுகிறேன். (நிறுத்தவில்லை. போன சனிக்கிழமை ஏழு பேர்.)

மூன்றாவது: வெர்லின் இறந்ததற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை. நான் நின்று வண்டிக் கண்ணாடியைத் தட்டுகிறேன். வெர்லின் கண்ணாடியை இறக்குகிறார். சவரம் செய்து நான்கு நாளாகியிருக்கும்.

"என்ன வேணும்?" என்கிறார்.

இங்கே நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகத் தேடுகிறேன். எழுதிப் பார்த்ததெல்லாம் வகுப்பில் பேசுவது மாதிரியே இருக்கிறது.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.