கை போனாலும் போகாத கடன்

விடியுமுன்னே நாராயணவனத்துக் கரும்பாலையில் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. செங்கல்வராயன் இரும்பு உருளைகளுக்குள் கரும்பைக் கொடுத்துக்கொண்டிருந்தான். தோகை கிழித்த விரல்களில் சாறு எரிந்தது. வெல்லம் காய்ச்சும் கொப்பரைப் புகை கண்ணைக் கரித்தது. செத்துப்போன அப்பன் வாங்கிய கடனுக்காக அவனும் மனைவி தாட்சாயணியும் வருஷக்கணக்காக இங்கே உழைக்கிறார்கள். கூலி வட்டிக்கே போயிற்று.

பனியில் நனைந்த கரும்பு அன்று வழுக்கியது. உருளை அவன் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. தாட்சாயணியின் அலறலில் எஞ்சின் நின்றபோது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

ஓடிவந்த முதலாளி ரங்கையா முதலில் ரத்தம் கலந்த சாற்றுத் தொட்டியைத்தான் பார்த்தார்.

"சாறைக் கொட்டிடாதீங்க. காய்ச்சினா தெரியாது."

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே குடிசைக்கு வந்தார்.

"வண்டிச் செலவு, மருந்துச் செலவு எல்லாம் கடன்ல சேத்தாச்சு. நாளைக்கு அவன் எடத்துல நீ நில்லு."

"கை போன எடத்திலியேவா சாமி?" என்றாள் தாட்சாயணி.

"கைதானே போச்சு? கடன் போகலியே!"

சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரா பிரிந்து, எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்லை முடிவானதும் சர்க்கார் எல்லாக் கடனையும் ரத்து செய்துவிடும் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அன்று மத்தியானமே தாட்சாயணி, கூடக் கரும்பு சுமக்கும் பொன்னியம்மாவோடு புத்தூருக்கு நடந்து, வக்கீல் பாலசுந்தரத்திடம் கேட்டாள்.

"சர்க்காரால அப்பிடிப் பண்ண முடியுங்களா?"

"சட்டம் போட்டா முடியும். முன்னே ஒண்ணு போட்டு விவசாயிங்க கடனைக் குறைச்சாங்க. அது நிலம் இருக்கிறவங்களுக்கு."

"எங்களுக்கு?"

"உங்களுக்காக யாரும் கேக்கலியேம்மா. ஆனா கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்கறது இப்பவே குத்தம்."

"அது ரங்கையாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

மறுநாள் விடியலில் உருளைகள் சுழன்றன. தாட்சாயணி கரும்பைத் தொடவில்லை.

"இன்னா நின்னுக்கினு இருக்கே? கரும்பைக் குடு!" என்று கத்தினார் ரங்கையா.

"குடுக்கமாட்டேன். சித்தூருக்குப் போய்க் கலெக்டரைக் கேக்கப் போறேன்."

"போ! திரும்பி வரச்சொல்லோ குடிசை இருக்காது."

பொன்னியம்மா தலையிலிருந்த கரும்புக்கட்டைக் கீழே போட்டாள். கொப்பரை காய்ச்சும் எத்திராஜ் அடுப்பிலிருந்த விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். பிறகு எவரும் வேலையில் நிற்கவில்லை.

ரங்கையா சொன்னபடி செய்தார். வெயில் ஏறுமுன்னே அவருடைய ஆட்கள் குடிசைக் கூரைகளைப் பிய்த்தெறிந்தார்கள். கஞ்சிப் பானைகளை உதைத்து உடைத்தார்கள். தடுக்கப்போன செங்கல்வராயனின் கட்டுப்போட்ட கையில் ஒருவன் கழியால் அடித்தான். துணி சிவந்தது. அவன் பல்லைக் கடித்தபடி எழுந்து நின்றான்.

"நடக்க முடியுமா?" என்றாள் தாட்சாயணி.

"காலு இன்னும் என்னுதுதான்."

சாலை முக்கில், சேதி கேட்டு வந்த அடுத்த ஆலைக் கூலியாட்கள் மூட்டை முடிச்சுகளோடு நின்றிருந்தார்கள்.

"உங்களுக்கும் கடனா?" என்று கேட்டாள் தாட்சாயணி.

"இல்லாதவன் எவன் இங்க? நடங்க," என்றாள் முன்னால் நின்றவள்.

எல்லோரும் சித்தூர்ப் பக்கம் திரும்பினார்கள்.