குழலுக்குச் செம்பு

நோலா அப்பாவின் காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, தம்பி ப்ரென்ட் அவர் போர்வைமேல் தகரச் சில்லுகளைப் பரப்பினான். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம்: பாலைமண், சாம்பல், கரும்பச்சை, செம்பு.

"என்னடா இது?"

"துப்பாக்கிக்குப் பூச்சு அடிக்கப் போறேங்க்கா. என்ன நிறம்னு கடைக்காரன் இன்னைக்குக் கேப்பான்."

சாகக் கிடக்கிற மனிதரின் வயிற்றில் கடை விரிக்க இவனால்தான் முடியும். பாய்ஸி நகரத்தில் வீடு விற்கிறவன். கழுவித் துடைத்த ட்ரக், மடிப்புக் கலையாத வேட்டைச் சட்டை. ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் போன வாரம் அப்பா தன் வேட்டைத் துப்பாக்கியை அவனுக்குத்தான் கொடுத்தார். சிறுமியாக அவரோடு மலையேறி, எல்க் மானின் தொடையைத் தோளில் சுமந்து இறக்கியவள் நோலா. இப்போது மலச்சட்டி எடுப்பவளும் அவள்தான்.

"அந்தக் கறுப்பு அவரு கை பட்டுத் தேஞ்சதுடா. அதுமேலயா பெயின்ட் அடிப்ப?"

"துரு ஏறிடுச்சுக்கா. பாக்கவே அசிங்கமா இருக்கு."

"சுவத்துல மாட்டி விருந்தாளிக்குக் காட்டத்தானே? உன் சோபாவுக்குப் பொருத்தமாப் பாத்து அடி."

அப்பா கண் திறந்தார். நோலா காத்திருந்தாள். பளபளக்கும் துப்பாக்கியோடு மலைக்கு வரும் நகரத்துக்காரர்களை, "என்னய்யா, கல்யாணத்துக்கா வந்தீங்க?" என்று கேட்டுக் கூசவைத்தவர் அப்பா டெல்மர். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தலையணைய ஒசத்து" என்றார்.

உயர்த்தினாள்.

"அந்தச் செகப்பு என்னது?"

"செம்புப்பா. வெயில்ல தகதகன்னு இருக்கும்."

"சன்னல் பக்கம் காட்டு."

ப்ரென்ட் வெளிச்சத்தில் பிடித்தான். அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "குழலுக்கு இது. மரக்கட்டைய மட்டும் அப்படியே விட்ரு. ஜோரா இருக்கும், இல்ல?" சிரித்தார். "எனக்குக் கறுப்பு எப்பவுமே பிடிச்சதில்லடா. அப்ப அதுதான் கெடச்சுது."

அவளிடம் வாரக்கணக்காக 'தண்ணி', 'திருப்பிப் போடு' என்பதைத் தாண்டிப் பேசாதவர்.

நோலா சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "ரெண்டும் ஒரே கிறுக்கு" என்று குழாயிடம் சொன்னாள். கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

"அக்கா!"

அவள் போனபோது அப்பா சன்னலைப் பார்த்தபடி உயிர் விட்டிருந்தார்.

நர்ஸ் வந்து உறுதி செய்துவிட்டுப் போனாள். சவ வண்டிக்குக் காத்திருக்கும்போது ப்ரென்டின் போன் அடித்தது. அவன் நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பேரம் பேசுகிற வாய்க்கு அழக்கூடத் தெரியவில்லை. விக்கல் மாதிரிதான் வந்தது. நோலா போனை எடுத்தாள்.

"துப்பாக்கிக் கடைலேர்ந்து பேசறேன். நிறம் முடிவு பண்ணிட்டீங்களாம்மா?"

ரோஸ் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ப்ரென்டுக்கு அதுதான் பொருத்தம்.

"குழலுக்குச் செம்பு" என்றாள். "கட்டையத் தொடாதீங்க."

"நல்ல ரசனைம்மா உங்களுக்கு!"

"என் ரசனை இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நர்ஸை வண்டிவரை விட்டு வந்த ப்ரென்டின் பூட்ஸிலிருந்து பனி உருகி, கட்டிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு வரக்கூட இவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். துணி கொண்டுவந்து முட்டி போட்டாள்.

"காலத் தூக்கு."

இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். அவள் அடியில் துடைத்தாள். தரை காய்ந்த பிறகும் அவன் இறக்கவில்லை. அவளும் இறக்கச் சொல்லவில்லை.