மண்டியிடாத வண்டி

காலையில் வாசலில் வந்து நின்று, கதவு திறக்கப்பட்டதும், அந்த வெள்ளை வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தன் உடலை நான்கு விரற்கடை தாழ்த்திக்கொள்ளும். சுருள்கம்பிகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளின் மேல் அமர்ந்திருக்கும் விலையுயர்ந்த வண்டி அது. ஏறுகிறவர் சிரமப்படக் கூடாதென்று தானே காற்றைக் குறைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அக்கா முதலில் கைத்தடியை உள்ளே வைப்பார். பிறகு இருக்கையில் பக்கவாட்டில் அமர்வார். அதன்பின் இடக்காலைத் தம் கைகளாலேயே எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார். “மகாராணி, புறப்படலாம்” என்பார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் அது. தெருவில் சிலர் அந்தப் பெயரை அவருக்கே சூட்டியிருந்தனர். அதுவும் அவருக்குத் தெரியும்.

தம்பி பல் மருத்துவர். அவருடைய மருத்துவமனையின் முன்மேசை அக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. யார் முன்பு, யார் பின்பு, யார் உண்மையிலேயே வலியோடு வந்திருக்கிறார், யார் வரிசையைத் தாண்டுவதற்காகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அவர் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார். “பல்லைப் பிடுங்கறதுகூடத் தாங்கிக்கலாம், அந்தக்கா பார்க்கற பார்வையைத்தான் தாங்க முடியாது” என்று நோயாளிகள் பேசிக்கொள்வார்கள். தம்பியின் மனைவி கால்நடை மருத்துவர். “ஒருத்தர் வாயைத் திறங்கன்னு சொல்றார், ஒருத்தி வாலைத் தூக்குங்கன்னு சொல்றா. எல்லாரையும் ஒழுங்கா உட்காருங்கன்னு சொல்றதுக்கு வீட்ல ஓர் ஆள் வேண்டாமா?” என்பார் அக்கா.

சில ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவமனைப் படியில் விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கூடியது, ஆனால் இடக்கால் சற்றே குறுகிப்போனது. படுக்கையில் கிடந்த மாதங்களில் அவரைத் தூக்கினார்கள், திருப்பினார்கள், உட்காரவைத்தார்கள். தம்பி தூக்கினார், தாதி தூக்கினார், ஒரு நாள் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர்கூட ஒரு கை கொடுத்தார். எழுந்து நடந்த அன்று அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது.” அப்போதிருந்த சிறிய கார் மிகத் தாழ்வாக இருந்தது; அதில் அமர முடிந்தவரால் எழ முடியவில்லை. பல கடைகளில் ஏறி இறங்கிய தம்பி, கடைசியில் சக்திக்கு மீறி அந்த வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். “சீட்டு நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்” என்றார். உண்மைக் காரணம் அக்காவுக்குத் தெரியும். தெரியும் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டுதான் தம்பி மனைவி மலைமேலிருந்த மாட்டுத் தொழுவங்களுக்கு மருத்துவராகப் பொறுப்பேற்றிருந்தார். காலையில் இருவரையும் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, அதே வண்டியில் மேலே போவார். ஒரு மாலை அவர் வாடகைக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு.

“மகாராணி எங்கம்மா?” என்றார் அக்கா.

“ஓடைக்கு இந்தப் பக்கம் நிக்குது. முன்னாடி கல்லு எவ்வளவு பெரிசுன்னு பார்க்கலாம்னு கதவைத் திறந்தேன். அது ரொம்ப மரியாதையா உட்கார்ந்துடுச்சு. கல்லு மேலேயே. திரும்ப எழுந்திரிக்கவே இல்லை.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“நீ பார்க்கப் போன மாடு என்னாச்சு?” என்றார் அக்கா.

“பையைத் தலையில வச்சுக்கிட்டு ஓடினேன். தாய் பிழைச்சிடுச்சு. கன்னு நான் போறதுக்குள்ள போயிடுச்சு.” அவர் காலணியைக் கழற்றாமலே வாசற்படியில் அமர்ந்தார். “அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டலக்கா. கை கழுவ வெந்நீர் கொண்டுவந்து குடுத்தாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

மறுவாரம் பால் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சில் குறையேதும் இல்லை. மழை தொடங்கினால் பாதை இன்னும் கெடும். மருத்துவரின் வண்டி ஏறாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். அவ்வளவுதான்.

“இந்த வண்டியைக் குடுத்துட்டு மலை ஏறுற வண்டியா ஒண்ணு எடுத்துக்கலாங்க” என்றார் மனைவி. இரண்டு வண்டிகளுக்கு அந்த வீட்டில் இடமும் இல்லை, வசதியும் இல்லை.

தம்பி சாக்குகளை அடுக்கினார். அந்த மாதிரி வண்டிகள் சத்தம் போடும், முதுகு போய்விடும், விற்பதென்றால் இப்போது நல்ல விலை கிடைக்காது. “கார்மேல இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார் மனைவி. தம்பி மறுக்கவில்லை.

உள்ளறையிலிருந்து கைத்தடியின் ஓசை வந்தது.

“டேய், இங்க வா. ஆசையாம் ஆசை! உனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான். என் இடுப்பெலும்பை நடுவுல வச்சுக்கிட்டு ஏண்டா அவ வேலைக்கு உலை வைக்கற?”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“அப்படித்தான். நான் கேட்டேனா? நாளைக்கே மாத்து.”

தம்பி மனைவி அப்போதுதான் புரிந்துகொண்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா தடியை உயர்த்தினார். “நீ ஒண்ணும் சொல்லாதே. பாவம்னு ஒரு வார்த்தை வந்துச்சோ, எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

பழைய வண்டிகளை வாங்கி விற்பவரின் மைதானத்துக்கு மூவரும் மகாராணியிலேயே சென்றனர். வெள்ளை வண்டியின் அடிப்பகுதி பழுதுபார்க்கப்பட்டிருந்தது. மாற்றாகக் கிடைத்தது கரும்பச்சை நிறத்தில், பெட்டிபோல் சதுரமாக நின்றது. முன்புறம் தடித்த இரும்புக் கம்பி. வெள்ளத்திலும் மூச்சுவிடுவதற்காக நெற்றிவரை நிமிர்ந்த காற்றுக்குழாய். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு ஏற்ற வெற்றுத் தளம்.

“இதுக்கு ரோடே வேண்டாம் சார்” என்றார் வியாபாரி. “ரோடு இருந்தாத்தான் கொஞ்சம் கோவிச்சுக்கும்.”

“எருமை மாதிரி நிக்குது” என்றார் அக்கா.

“எருமைதான்மா. ஆனா சொன்ன இடத்துக்குப் போகும்.”

கையெழுத்துகள் முடிந்தன. வீடு திரும்ப வேண்டும். அக்கா கதவைத் திறந்தார். வண்டி பெருமூச்சு விடவில்லை; தாழவும் இல்லை. தளம் அவருடைய முழங்காலுக்கு மேலே இருந்தது. வலக்காலை வைத்தார், பற்றிக்கொள்வதற்கு இருக்கைப் பட்டையை இழுத்தார், அது கூடவே வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பின்னாலிருந்து தம்பியின் இரு கைகள் அவருடைய அக்குளுக்கடியில் நுழைந்தன.

“கையை எடு.”

“அக்கா, ஒரு நிமிஷந்தான்.”

“எடுடா!”

வியாபாரி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஓடிக் கொண்டுவந்து போட்டார். அதன் ஒரு கால் ஆடியது. மைதானத்திலிருந்த அனைவரும் மிகுந்த பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தனர். அந்தப் பரிவுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “வாடகைக் கார் ஒண்ணு கூப்பிடு” என்றார்.

மறுநாள் காலை அவர் மருத்துவமனைக்குப் புறப்படவில்லை. வாடகைக் கார் அழைக்கட்டுமா என்று தம்பி கேட்டார். “தினமும் ஒரு புது டிரைவர், ‘மெதுவாம்மா மெதுவாம்மா’ன்னு கையைப் பிடிப்பான். வேண்டாம். எனக்கு லீவு பாக்கி இருக்கு” என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டிலேயே இருந்தார். முன்மேசையில் ஒழுங்கு குலைந்தது. கடைவாய்ப் பல் வலிக்காரர் காத்துக்கிடக்க, பல்லுக்கு வெள்ளையடிக்க வந்தவர் உள்ளே போனார். மாலையில் தம்பி அதைச் சொன்னபோது அக்கா காதில் விழாதவர்போல் சமையலறை அலமாரியில் டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நேற்றும் அவற்றை அப்படித்தான் அடுக்கியிருந்தார்.

எருமையோ தன் வேலையைச் செய்தது. ஓடையைக் கடந்தது, கல்லை ஏறியது, தம்பி மனைவி போக வேண்டிய தொழுவங்களுக்கெல்லாம் நேரத்தில் போனார். அந்த மகிழ்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவர மனமின்றி, வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே நுழைவார்.

ஒரு பிற்பகல் அவர் சீக்கிரமே திரும்பியிருந்தார். பின்கட்டில் கயிறுகளை அலசிவிட்டு முன்புறம் வந்தவர், சுவர் ஓரத்தில் நின்றுவிட்டார். வண்டியின் கதவு திறந்திருந்தது. அக்கா தனியாக அதனோடு போராடிக்கொண்டிருந்தார். வலக்கால் மேலே போனது, உடல் எழுந்தது, பிடியின்றிச் சரிந்தது. விழவில்லை. நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார். தடி எட்டத்தில் கிடந்தது.

தம்பி மனைவி சில அடிகள் பின்வாங்கினார். பிறகு, காலணியைத் தரையில் உரக்கத் தேய்த்தபடி நடந்துவந்தார். அவர் வருவதற்குள் அக்கா நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வண்டியின் சக்கரத்தை ஆராய்பவராகிவிட்டார்.

“என்ன, வேவு பார்க்கறியா?”

“இல்லக்கா. பூட்ஸ் எடுக்க வந்தேன்.”

“பூட்ஸ் கால்லயே இருக்கு.”

தம்பி மனைவி தடியை எடுத்து, கொடுக்காமல், எட்டும் இடத்தில் சாய்த்து வைத்தார். வாசற்படியில் அமர்ந்தார். “இன்னைக்கு மேல ஒரு தொழுவத்துல மாடு விழுந்து கிடந்துச்சு. கயிறு கட்டித் தூக்கறதுக்கு ஊரே நிக்குது. எல்லாரையும் போகச் சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“தூக்கினா அது தொங்கும்க்கா. தன் பலத்தை விட்டுடும். தரை வழுக்குச்சு, அதான் எழுந்திரிக்கல. ரப்பர் பாயைப் போட்டு, முன்னங்காலுக்குப் பிடிமானம் குடுத்துட்டு, நாங்க மறைவாப் போய் நின்னோம். யாரும் பார்க்கக் கூடாது. அது முக்கியம். கொஞ்ச நேரத்துல தானே எழுந்துடுச்சு.”

“இப்ப என்னை மாடுங்கறே.”

“மாடா இருந்தா சொன்னபடி கேக்குமேக்கா.”

அந்த வாரத்தில் முதன்முறையாக அக்கா சிரித்தார். சிரித்து முடித்ததும் தம்பி மனைவி கேட்டார்: “ஏறும்போது எந்த இடத்துல விட்டுப்போகுது?”

அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. “காலை வைக்கறதுல பாதிக் கஷ்டம், அது உயரம். மீதி என்னன்னா, உடம்பு மேல வந்தப்புறம் கைக்கு ஒண்ணும் கிடைக்கல. பெல்ட்டைப் பிடிச்சா அதுவும் என்னோடயே விழுது.”

தம்பி வந்ததும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஓடினார். கீழே ஒரு நிரந்தரப் படி வைத்துவிடலாம் என்றார். “வச்சா முதல் கல்லுலயே பிய்ஞ்சுபோகும்” என்றார் மனைவி. “திரும்பவும் வண்டி கல்லுமேல உட்காரும். மடக்கற படிதான் சரி.”

“உயரம் எவ்வளவுன்னு அளக்கறேன்.”

“படி என் காலுக்கு. டேப் உன் கையில எதுக்குடா?” என்றார் அக்கா. தோட்டத்துச் செங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னார். ஏறிப் பார்த்தார், ஒன்றை எடுக்கச் சொன்னார், மறுபடி ஏறினார். “இதுதான். இதுல நூலளவு கூடக் கூடாது.” இரும்பு பற்றவைப்பவர் அந்த உயரத்துக்குக் கீலோடு ஒரு படி செய்து, அதன்மேல் தொழுவத்து ரப்பர் பாயில் ஒரு துண்டை ஒட்டினார். கதவோரத் தூணில் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினார். படியின் கொண்டியைக் குனியாமலே விடுவிக்கலாம். கைத்தடியின் வளைவு அதற்குப் போதும்.

அடுத்த திங்கட்கிழமை தம்பி மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். தம்பி பின்னால், மருந்துப் பெட்டிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் இடையில் ஒடுங்கிக்கொண்டார். அக்கா தடியால் கொண்டியைத் தட்டினார். படி ‘டங்’கென்று விழுந்தது. வலக்காலை அதில் ஊன்றி, கைப்பிடியைப் பற்றினார். உடல் எழுந்தது. தரைக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கணம் நின்றது. பின்னாலிருந்து தம்பியின் கை தானாகவே முன்னே வந்தது.

“ரோட்டைப் பாருங்க” என்றார் மனைவி, திரும்பாமல்.

கை திரும்பிப் போனது. இருவரும் சாலையைப் பார்த்தனர். சாலையில் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கும் ஓசை கேட்டது; இரும்பு முனகும் ஓசை கேட்டது; பிறகு, இருக்கை அழுந்தும் ஓசை. தடியின் வளைவு கீழே போய்ப் படியைக் கவ்வி மேலே இழுத்தது. கொண்டி விழுந்தது. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

“ரோட்டுல அப்படி என்னதான் தெரியுது ரெண்டு பேருக்கும்?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அப்ப எடு வண்டியை. அங்க பல்லுக்கு வெள்ளையடிக்கறவனெல்லாம் முதல்ல உட்கார்ந்திருப்பான்.”