தெரசம்மாளின் இமைகள்

டீச்சர் மாதிரிக்குக் கொண்டு வந்த படத்தில் இருந்த அந்தப் பையனைத்தான் கனகாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. கையில் பொன் ஈட்டி, முகத்தில் சிரிப்பு. அவன் எதிரே ஒரு கன்னியாஸ்திரி தலை சாய்ந்து, கண் மூடி, வாய் லேசாகத் திறந்து கிடக்கிறாள்.

"என்ன டீச்சர், குத்திட்டுச் சிரிக்கிறான்?"

"அவர் சம்மனசும்மா. வானதூதர். அந்த ஈட்டி ஆண்டவரோட அன்பு. தெரசம்மாளுக்கு அப்படி ஒரு காட்சி கிடைச்சுது."

பிலோமினா டீச்சர் கொள்ளிடக்கரைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துத் தஞ்சாவூரில் கனகாவின் ஓவியப் பட்டறைக்கு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஊர் மாதா கோயிலுக்கு அவிலா ஊர்ப் புனிதை தெரசம்மாளைத் தஞ்சாவூர் பாணியில், தங்க ரேக்கு ஒட்டிச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. அக்டோபரில் திருநாள்.

"வலிச்சுதா?" என்றாள் கனகா.

"வலிச்சுதாம். சந்தோஷமாவும் இருந்துதாம்."

இதைக் கனகாவால் அப்படியே விழுங்க முடியவில்லை. தான் வரையப்போகும் ஆளின் மனசு பிடிபடாமல் முகத்தில் தூரிகை வைக்கிற ஜாதி இல்லை அவள். வெண்ணெய் திருடும் கண்ணன் என்ன நினைக்கிறான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வலியும் சந்தோஷமும் சேர்ந்து வந்தால் முகம் எந்தப் பக்கம் போகும்? பக்கத்து வீட்டு அக்காவிடம் பிரசவம் அப்படித்தானே என்று கேட்டுப் பார்த்தாள். "சந்தோஷம் அப்புறம்தான்டி வரும், ஒண்ணா எங்க வருது" என்றுவிட்டாள் அக்கா. பலகையில் துணி ஒட்டிக்கொண்டிருந்த கணவன் பகலவன், "சுளுக்கு எடுத்து விடுறப்ப வருமே, அதுவா இருக்கும்" என்றான். அவனோடு இரண்டு நாள் பேச்சு இல்லை.

வேலை நன்றாகவே நடந்தது. சம்மனசின் இறக்கையில் தங்கம் ஏறியது, ஈட்டி முனையில் சிவப்புக் கல் உட்கார்ந்தது. கண் மட்டும் பாக்கி. அந்த வீட்டில் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவார்கள், காலையில் குளித்துச் சூடம் ஏற்றிவிட்டு. திறந்த கண்ணை அப்புறம் தொடக்கூடாது. தொட்டால் பார்வையைப் பறித்த பாவம் என்பது அவர்கள் வழக்கம்.

சூடம் ஏற்றினார்கள். கனகா உட்கார்ந்தாள். அம்பாளுக்கும் கண்ணனுக்கும் எழுதிப் பழகிய கை, சூட வாசனை பட்டதும் தானாக ஓடிவிட்டது.

பகலவன்தான் முதலில் பார்த்தான். "கனகா, இவங்க கண்ண மூடியில்ல இருக்கணும்?"

காதுவரை நீண்ட கண்களை அகல விரித்து, கருமணி பளபளக்க, தெரசம்மாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கனகா தூரிகையைக் கீழே வைத்தாள்.

படத்தை எடுத்துப் போக மதியமே டீச்சர் வேனோடு வந்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கும்மா. ஆனா இது தெரசம்மாள் இல்ல."

"ரெண்டு கோடுதான, மூடிடு. நாளன்னைக்குத் திருநாள்" என்றான் பகலவன்.

"நீங்க சும்மா இருங்க. திறந்து விட்டவளே நாந்தான். நானே எப்படி அவங்களக் குருடாக்குறது?" கனகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் இல்லை, ஏமாற்றம்தான். "நான் தினம் முழங்கால் போட்டுச் செபம் பண்றவ. கண்ண இறுக்க மூடிப்பேன். ஒருநாளும் எனக்கு ஒரு காட்சியும் வந்ததில்ல. ஃபாதர்கிட்டகூடச் சொன்னதில்ல. வந்தவங்க முகத்தையாவது பார்த்துக்கிட்டு இருக்கலாம்னுதான் கேட்டேன்."

கனகாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவங்க ஏன் டீச்சர் கண்ண மூடுனாங்க? பயத்துலயா?"

"பயந்து இல்ல." டீச்சர் யோசித்தார். "கண்டது கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு மூடியிருப்பாங்க."

"அப்ப, மொதல்ல கண்ணு திறந்து பார்த்திருக்கணும்ல?"

கேட்டுக்கொண்டே கனகா தோல் நிறத்தைக் குழைக்க ஆரம்பித்துவிட்டாள். கருமணியைச் சுரண்டவில்லை, அழிக்கவில்லை. அதன் மேலேயே இமையை மெல்லிசாக இறக்கினாள். இரண்டும் மூடியபின் பார்த்தால் அந்த வாயோரத்தில் இருப்பது வலியா சிரிப்பா என்று வரைந்தவளுக்கே தெரியவில்லை. தெரியாதது அவளுக்குப் பிடித்திருந்தது.

டீச்சர் எழுந்து வந்து முகத்தை மிக அருகில் கொண்டுபோனார். "உள்ள கண்ணு இருக்கா?"

"இருக்கு டீச்சர். முழிச்சுத்தான் இருக்காங்க."

பிலோமினா டீச்சர் அந்தப் பட்டறைத் தரையிலேயே, மரத்தூளுக்கு நடுவில், முழங்கால் போட்டார். உதடு அசைந்தது. கண்ணை மட்டும் அவர் மூடவே இல்லை.